சொர்க்கம் என்கிறாள் தோழி, போதும்டா சாமி என்கிறார் நாத்தனார்: பெரிய கப்பலில் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: மாமனார், மாமியாரின் ஐம்பதாவது திருமண நாளையொட்டி நாங்கள் ஆறு பேரும் ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். மாமனாருக்கு 74 வயது, மாமியாருக்கு 70. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 14, மகளுக்கு 9. பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், பால்மா பார்த்துவிட்டு மறுபடி பார்சிலோனாவில் இறங்கும் ஏழு இரவுப் பயணம். பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும். போன ஆண்டு மே மாதம் போய்வந்த அலுவலகத் தோழி சொர்க்கம் என்கிறாள். அதே கப்பலில் ஆகஸ்டில் போன என் நாத்தனார், ‘காசையும் கொடுத்து வரிசையிலும் நின்றுவிட்டு வந்தோம்’ என்கிறார். என் கணவருக்குக் கூட்டம் ஆகாது. மாமியாருக்கு வாந்தி வருமோ என்று பயம். யார் சொல்வதை நம்புவது? மாமியார் ஒன்று கேட்கச் சொன்னார்: அறையில் இருந்தால் கடல் சத்தம் கேட்குமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழியும் பொய் சொல்லவில்லை, நாத்தனாரும் பொய் சொல்லவில்லை. பயணிகள் கப்பல்களில் வரவேற்பு மேசையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்கப்புறம் இத்தனை நாளும் குடும்பங்களுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் தொழில். ஒரே பயணத்தைப் பற்றி இப்படி நேரெதிரான இரண்டு கதைகளை வாரா வாரம் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் கப்பலிலேயே இருக்கும்.

ஒரு விடியற்காலை, ஐந்தேகால் மணி இருக்கும். நான் இரவுப் பணியில் இருந்தேன். கப்பல் துறைமுகத்துக்குள் வந்து மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து கரையை ஒட்டிக்கொண்டிருந்தது. படுத்திருந்த உடையோடு ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அந்த அம்மாவின் கையில் குளியலறையில் இருக்கும் கண்ணாடி டம்ளர். “இது தானாகவே நகர்ந்து வந்து வாஷ்பேசினில் விழுந்தது” என்றார். குரல் நடுங்கியது. பார்த்தால் அவர்கள் அறை கப்பலின் முன்கோடியில், பயணிகள் தளங்களிலேயே ஆகக் கீழே இருக்கிறது. கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் விசிறிகள் அதற்குக் கிட்டத்தட்ட நேர் கீழே. அவை ஓடும்போது அந்தப் பகுதி அறைகள் உறுமும், கட்டில் அதிரும். ஏழு நாளில் ஐந்து துறைமுகம் என்றால் ஐந்து விடியற்காலை இப்படித்தான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர்களோடு உட்கார்ந்த இன்னொரு குடும்பத்துக்குக் கப்பலின் நடுப்பகுதியில் அறை. கப்பல் கரை சேர்ந்ததே அவர்களுக்குத் தெரியாது; எட்டு மணிக்குத் திரையை விலக்கியபோது எதிரே ஊர் நின்றதாம். ஒரே கப்பல், ஒரே நாள். ஊருக்குப் போய் இரண்டு குடும்பமும் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே யாருடைய அனுபவத்தைக் கேட்டாலும் மூன்றை விசாரியுங்கள். எந்த மாதம் போனார்கள், எந்த அறை, எதை எதிர்பார்த்துப் போனார்கள். இந்த மூன்றும் தெரியாமல் ‘அருமை’ என்பதையும் நம்ப வேண்டாம், ‘மோசம்’ என்பதையும் நம்ப வேண்டாம்.

மாதத்தை எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு அதுதான் முக்கியம். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலைப் பாருங்கள். 20 தளங்கள், சுமார் 365 மீட்டர் நீளம். டைட்டானிக் 269 மீட்டர்தான். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் அதில் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600. நடுவில் இருக்கும் இரண்டாயிரம் பேர், சோபாவை விரித்துப் போடும் படுக்கையிலும் கூரையிலிருந்து இறக்கும் படுக்கையிலும் தூங்குபவர்கள். அதாவது பெரும்பாலும் பிள்ளைகள். அவர்கள் வருவது பள்ளி விடுமுறையில். ஆள் கூடுகிறதே தவிர லிஃப்ட் கூடுவதில்லை, நீச்சல் குளம் பெரிதாவதில்லை, பஃபேயில் தட்டு எடுக்கும் இடம் அகலமாவதில்லை. மற்ற பெரிய கப்பல்களிலும் இதே கணக்குதான். மே மாதம் போன உங்கள் தோழியும் ஆகஸ்டில் போன உங்கள் நாத்தனாரும் வேறு வேறு கப்பலில் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது நாத்தனாரின் கப்பல். அதைத் தெரிந்துகொண்டு திட்டமிட்டால் பாதிக் குறை இப்போதே போய்விடும்.

முடிந்தால் பிள்ளைகளின் விடுமுறையில் கடைசி வாரத்தைப் பாருங்கள். அதற்குள் பல நாடுகளில் பள்ளிகள் திறக்கத் தொடங்கியிருக்கும், கூட்டம் கொஞ்சம் தணியும். கப்பலும் ஆகப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மகன் அலைச்சறுக்கும் தண்ணீர்ச் சறுக்கும் உள்ள ராட்சதக் கப்பலைத்தான் கேட்பான், தெரியும். ஆனால் மாமியாரின் முழங்காலையும் யோசிக்க வேண்டும். முன்கோடியில் அறையும் பின்கோடியில் சாப்பாட்டுக் கூடமும் அமைந்துவிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போகவர அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடை. இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு பேர் வரை ஏறும் நடுத்தரக் கப்பல்களிலும் பிள்ளைகளுக்கான கிளப் இருக்கிறது, பதின்ம வயதினருக்குத் தனி இடம் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலைக்குள் உங்கள் மகனுக்கு நாலு நண்பர்கள் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் அவன் சறுக்குமரத்தைக் கேட்க மாட்டான்.

மூன்று, நான்கு இரவுப் பயணம் ஒன்றில் முதலில் போய்ப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது சரிவராது. குறுகிய பயணங்களில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர் கூட்டம், நண்பர் குழு. பாட்டும் குடியும் விடிய விடிய ஓடும். அதைப் பார்த்துவிட்டுக் கப்பல் பயணமே இப்படித்தான் என்று மாமனார் முடிவு கட்டிவிடுவார்.

இனி உங்கள் கணவர். கூட்டம் ஆகாது என்பவரை ‘வாங்க, பழகிவிடும்’ என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்படி வந்தவர்களை மூன்றாம் நாள் என் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், தலையணை சரியில்லை என்பார்கள். ஆனால் கப்பலில் கூட்டம் எல்லா நேரமும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை, அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலை எட்டரையிலிருந்து பத்து வரை பஃபேயில் நிற்கவே இடம் இருக்காது. அதே நேரம் பரிமாறும் சாப்பாட்டுக் கூடத்தில் பாதி மேசை காலியாக இருக்கும். சாப்பாடு இரண்டிலும் டிக்கெட்டிலேயே அடங்கியதுதான். கடலிலேயே இருக்கும் நாளில் பத்து மணிக்கு மேல் நீச்சல் குளத்தருகே ஒரு சாய்வு நாற்காலி கிடைக்காது. காலை ஆறரைக்குக் குளமே உங்கள் மகளுக்குச் சொந்தம். ஆறு மணிக்கு நடைதளத்தைச் சுற்றி வந்தால் தளம் கழுவும் ஊழியர்களையும் ஒன்றிரண்டு முதியவர்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். காலையில் எழுகிறவர் என்றால் உங்கள் கணவருக்குக் கப்பல் பிடித்துப்போகவும் வாய்ப்பு உண்டு. அவருக்கென்று ஒரு பால்கனி இருந்தால் மீதி நாளையும் சமாளிப்பார்.

அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் ஏதாவது ஒரு நாள் இறங்காமல் இருந்துவிடுங்கள். ஒன்பது மணிக்குள் முக்கால்வாசிப் பேர் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். குளம் காலி, லிஃப்ட் காலி, பஃபேயில் உங்களுக்குப் பரிமாற ஊழியர்கள் காத்திருப்பார்கள். எந்த நாள் அப்படி இருக்கலாம் என்றால், மாமனார், மாமியாருக்கு நான் ரோம் நாளைச் சொல்வேன்.

இதைக் கேட்டுத் திடுக்கிடுவீர்கள். ரோமையே பார்க்காமல் விடுவதா என்று தோன்றும். பயண நிரலில் ரோம் என்று எழுதியிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்னும் துறைமுக ஊரில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டினாலும் ஏழரை, எட்டுக்குத்தான் இறங்க முடியும். துறைமுக வாசல்வரை பேருந்து, அப்புறம் ரயில் நிலையம், அங்கிருந்து ஒரு மணி நேரம் போல ரயில். ரோமில் கால் வைக்கும்போது பத்து மணி ஆகிவிடும். மாலை ஆறரைக்குக் கப்பலில் இருக்க வேண்டும் என்றால் மூன்றரை மணிக்கே ரோமைவிட்டுக் கிளம்பினால்தான் நிம்மதி. ஆக, கோடை வெயிலின் உச்சியில் ஐந்தரை மணி நேரம். கொலோசியத்தின் வாசலில் ஒரு வரிசை, வத்திக்கானில் இன்னொரு வரிசை, நடுவில் கல் பாவிய தெருக்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அது பார்வையிடல் இல்லை, தண்டனை. நீங்களும் பிள்ளைகளும் போங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள், நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இந்த ஏமாற்றம் ரோமோடு நிற்பதில்லை. பாரிஸ் என்று எழுதியிருந்தால் கப்பல் நிற்பது லே ஹாவ்ரில், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி. ஃபிளாரன்ஸ் என்றால் லிவோர்னோ. பெர்லின் என்றால் பால்டிக் கரையில் வார்னமுண்டே. ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ‘ஊரையே பார்க்க முடியவில்லை’ என்று திரும்பி வந்து வருந்துகிறவர்களில் பலர் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான். பயண நிரலைக் கையில் எடுத்து ஒவ்வோர் ஊருக்கும் எதிரே மூன்று எண்களை எழுதிவையுங்கள்: கப்பல் வரும் நேரம், எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், துறைமுகத்திலிருந்து நகரம் எவ்வளவு தூரம்.

உங்கள் நிரலில் பெரியவர்களுக்கு ஏற்ற ஊர்கள் வேறு இருக்கின்றன. நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் வாசலிலேயே நிற்கும். இறங்கிச் சாலையைத் தாண்டினால் காஸ்டல் நுவோவோ கோட்டை. மாமியார் அதுவரை நடந்து, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஜெனோவாவிலும் பழைய நகரம் பக்கம்; துறைமுகத்தை ஒட்டியே மீன் காட்சியகம் இருக்கிறது, மகளுக்குப் பிடிக்கும். மார்செயில் பெரிய கப்பல்கள் நிற்கும் இடம் பழைய துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. நடக்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள், பேருந்தோ டாக்சியோ வேண்டும். பால்மாவுக்குள் கப்பல் நுழையும்போது கடலிலிருந்தே பேராலயம் தெரியும். அந்த நேரத்தில் அவர்களை மேல்தளத்தில் உட்கார வையுங்கள்.

நிரலை மாற்றினால் ‘டெண்டர்’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். கான், சாண்டோரினி போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரையில் கட்டாது; கடலில் நின்றுகொண்டு சிறு படகில் ஆட்களை இறக்கும். கப்பலின் பக்கவாட்டில் திறக்கும் மேடையில் நிற்பீர்கள், எதிரே படகு ஏறி இறங்கும். இரு பக்கமும் நிற்கும் மாலுமிகள் கையைப் பிடிக்க மாட்டார்கள், முழங்கையை அடுத்த பகுதியைப் பற்றிக்கொள்வார்கள். அவர்கள் ‘இப்போது’ என்றதும் தயங்காமல் காலை எடுத்து வைக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் அந்த மேடைவரை மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கடைசி முறை ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உங்கள் நிரலில் இருக்கும் ஐந்து ஊரிலும் கப்பல் வழக்கமாகக் கரையிலேயே கட்டும். இந்த வழித்தடம் எனக்குப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாந்தி பயத்துக்கு வருவோம். பெரிய கப்பல்களின் இரு பக்கமும் நீருக்கடியில் மீனின் செட்டை போல ஸ்டெபிலைசர் துடுப்புகள் விரியும். இடவலமாக ஆடுவதை அவை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. சீசா பலகை மாதிரிதான். நுனியில் உட்கார்ந்தவருக்குத்தான் ஆட்டம், நடுவில் இருப்பவருக்குக் கிடையாது. ஆகவே நீளவாக்கில் நடு, உயரத்தில் கீழ். கோடையில் மத்தியதரைக்கடல் பெரும்பாலும் அமைதி. மார்செய் பக்கம் லயன்ஸ் வளைகுடாவில் மிஸ்ட்ரால் காற்று கிளம்பினால் ஓர் இரவு ஆட்டம் இருக்கலாம். அன்று வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. அறைக்குள் முடங்கி ஃபோனைப் பார்க்காமல், வெளியே வந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை உண்டு, ஆனால் அதைக் குமட்டல் தொடங்கும் முன்னே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை மாமியாரின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா, கண்ணில் நீரழுத்தம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார். அவர்களுடைய மருந்துகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஏறும்போது ஒப்படைக்கும் பெட்டி அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். கப்பலில் உள்ள சக்கர நாற்காலி பெரும்பாலும் ஏற்றி இறக்குவதற்கு மட்டும்தான். ஏழு நாளும் தேவை என்றால் மடக்கும் நாற்காலி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் வயிற்றுப்போக்கு பரவியது என்ற செய்தியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நோரோவைரஸ்தான் அது. செய்தியில் வருவதற்கு ஒரு காரணம், அங்கே யாரோ எண்ணுகிறார்கள் என்பது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் நூற்றுக்கு மூன்று பேரோ அதற்கு மேலோ அப்படி நோய்ப்பட்டால் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பெயரோடு வெளியிடுகிறது. ஒரு விடுதியிலோ திருமண வீட்டிலோ யாரும் எண்ணுவதில்லை. பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் நூற்றில் ஒன்றுதான் கப்பலில் நடக்கிறது என்கிறது அதே மையம். ஆனாலும் நெருக்கமான இடம், கவனம் வேண்டும். பஃபே வாசலில் கையில் தெளிக்கும் சானிடைசர் இந்த வைரஸுக்கு அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். படிக்கட்டின் கைப்பிடிகளில் அதிகம் கை வைப்பது அந்த வயதுப் பிள்ளைகள்தான்.

பணத்தில்தான் மனக்கசப்பு அதிகம். டிக்கெட்டில் அறை, பொதுவான சாப்பாடு, நிகழ்ச்சிகள், குளம் எல்லாம் அடக்கம். டிப்ஸ் பல கப்பல்களில் தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று, பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தானாகவே கணக்கில் ஏறும். மது, பாட்டில் குளிர்பானம், தனி உணவகங்கள், வைஃபை, ஊர் சுற்றும் பேருந்து, படம் பிடித்து நீட்டும் போட்டோ எல்லாம் தனி. பான பேக்கேஜ் வாங்கினால் அதே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. உங்களுக்கு மட்டும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஃபோனைக் கப்பல் கிளம்பும்போதே ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் ஃபோன் தானாகக் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், அதன் கட்டணம் கடுமை. மகன் ஃபோனை நீங்களே வாங்கிச் சரிபாருங்கள். கப்பலில் எதற்கும் காசு எடுக்க வேண்டியதில்லை, கப்பலில் தரும் அட்டையைத் தொட்டால் போதும். அதனால்தான் செலவு தெரிவதில்லை. அறை டிவியிலோ கப்பலின் செயலியிலோ தினம் இரவு கணக்கைப் பார்த்துவிடுங்கள். கடைசி இரவு மொத்தக் கணக்கோடு என் மேசைக்கு முன் நின்ற வரிசையைப் போல நீளமான வரிசை வேறெதற்கும் நின்றதில்லை.

இன்ஷூரன்ஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணம் தனி. நெஞ்சுவலி போல ஏதாவது வந்து நடுவழியில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் ஆகும் செலவு பயணச் செலவைவிடப் பல மடங்கு. பெரியவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள்.

நீங்களாக ரயிலில் ரோம் போவதாக இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். கப்பலே ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் உங்களை அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்க்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஏறும் நேரம் முடிந்தும் வராதவர்களின் அறைப் பெட்டகத்தைப் பாதுகாப்பு அதிகாரியோடு போய்த் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, உறையில் போட்டு, கரையில் நிற்கும் கப்பல் நிறுவன முகவரிடம் கொடுக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் நிழற்குடைக்குக் கீழே அந்த உறையோடு முகவர் தனியாக நிற்பார், கப்பல் விலகும். ஓடி வருகிறவர்களைப் பார்த்து மேல்தளத்தில் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஓடி வருகிறவர்களிடம் மாற்றுத் துணிகூட இருக்காது, சில சமயம் மருந்துகூட இருக்காது. அதனால் ரோமுக்கு மட்டும் கப்பல் ஏற்பாட்டிலேயே போங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. நேப்பிள்ஸ், ஜெனோவாவில் நீங்களாகச் சுற்றலாம்.

அதேபோல, காற்றோ நெரிசலோ காரணமாக கேப்டன் ஓர் ஊரை விட்டுவிட்டால் சண்டை போட வழியில்லை. நிரலை மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கும். பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பி வரும். ‘இந்த ஓர் ஊருக்காகத்தான் போகிறோம்’ என்று இருப்பவர்கள் கப்பலில் போகக் கூடாது, விமானத்தில் போய் அங்கேயே தங்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுக்க வேண்டியிருந்தால், கப்பல் நடுவே ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டுத் திரும்புகிறதா என்று பாருங்கள். உங்கள் நிரல் முழுதும் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலிதான். ஆனால் நிரல் மாறலாம் என்பதால் பலமுறை நுழையும் விசா கேட்டு வாங்குவது நல்லது.

ஏறிய அன்று பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். பிள்ளைகள் குளத்துக்கு ஓடத் துடிப்பார்கள். முதலில் இதை முடியுங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவிடவெக்கியாவில் ஏறியிருந்த பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. இப்போது கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். வீடியோவைப் பார்த்ததோடு விடாமல், ஆறு பேரும், ஆபத்து நேரத்தில் வந்து சேர வேண்டிய உங்கள் கூடுமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு வழியாக நடந்து பாருங்கள். மாமியாருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு உதவி தேவைப்படும் என்பதை வரவேற்பில் சொல்லிவையுங்கள், அவசர நேரத்துக்கென்று குறித்துக்கொள்வார்கள்.

உங்கள் அறையைத் துடைக்கிறவர், மேசையில் பரிமாறுகிறவர் எல்லாரும் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவர்கள். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு அவர்கள் உரிமை. மீதி நேரம் எப்படிப் போகிறது என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதல் நாளே பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள் பிள்ளைகளிடம். தானாக ஏறும் டிப்ஸை ரத்து செய்யச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சரி, போகலாமா வேண்டாமா? போங்கள். நடுத்தரக் கப்பல், விடுமுறையின் கடைசி வாரம். அறையில்தான் காசைப் போடுங்கள், பேக்கேஜ்களில் போடாதீர்கள். உங்கள் நால்வருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து, பால்கனியோடு, கப்பலின் நடுவில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஆனால் ஒட்டி இல்லாமல். தளப்படத்தை எடுத்து மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அறைகளே இருந்தால் நல்லது. மேலே குளம் இருந்தால் காலை ஆறு மணிக்கு நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே அரங்கு இருந்தால் நள்ளிரவுவரை பாட்டு. எந்த அறை என்று சொல்லாமல் ஏதோ ஒன்றைத் தருகிறோம் என்று மலிவு விலையில் விற்பதை எடுக்காதீர்கள். அந்த டம்ளரோடு வந்த தம்பதி அப்படித்தான் வாங்கியிருந்தார்கள்.

திருமண நாளன்று துறைமுகம் எதுவும் இல்லாத கடல் நாள் அமைகிறதா என்று பாருங்கள். அன்று எல்லாரும் ஒரே மேசையில் சேர்ந்து உட்கார முடியும், யாருக்கும் எங்கும் ஓட வேண்டியதில்லை. ஏறிய அன்றே சாப்பாட்டுக் கூடத் தலைவரிடம் ஆறு பேருக்கு ஜன்னலோர மேசை கேளுங்கள். முதல் நாளே கேட்பவருக்குக் கிடைக்கும்.

மாமியாரின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனை ஆண்டுகளில் இதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜன்னல் இல்லாத உள் அறையில் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்கும். ஜன்னல் மட்டும் உள்ள அறையிலும் கண்ணாடி திறக்காது. பன்னிரண்டாம், பதினான்காம் தளத்துப் பால்கனியில் காற்றுதான் கேட்கும், தண்ணீர் வெகு கீழே. அவர்களுக்குக் கீழ்த்தளத்துப் பால்கனி அறையை எடுங்கள். உயிர்காப்புப் படகுகள் தொங்கி மறைக்காத இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்கனிக் கதவைத் திறந்தால் பல கப்பல்களில் ஏசி தானாக நின்றுவிடும், பழுது என்று பயப்பட வேண்டாம். திறந்திருக்கும்போது அறை வாசல் கதவையும் சேர்த்துத் திறக்கக் கூடாது, காற்று அறைந்து சாத்தும், விரல் நசுங்கிவிடும். இரவு பதினொரு மணிக்கு மேல் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சால்வையோடு பால்கனியில் உட்காரச் சொல்லுங்கள். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் கிழிபடும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.